பிரித்துப் பார்த்த பெருமகன்

ஓடுகின்ற வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் மனிதரின் இயல்பு வெளிப்பட்டுவிடும். ஒருவர் தம் விதியை நொந்துகொள்வார். மற்றொருவர் வண்டியை விற்றவனை வைவார். இன்னொருவர் பேசாமல் கீழே இறங்கி, மூடியைத் திறந்து, எது நின்றது, ஏன் நின்றது என்று பார்ப்பார். முதல் இருவரை நாம் தெருத்தோறும் காணலாம். மூன்றாமவர் அரியர். அந்த அரியவர்களுள் ஒருவர்தாம் கோவை ஜி.டி. நாயுடு.

அவர் பெயரைக் கேள்விப்படாத தமிழ் மாணவர் இருக்க முடியாது. பாடநூலில் ஒரு பத்தியாகவும், பொதுஅறிவுத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாவாகவும் அவரை நாம் அறிவோம். ஆனால் அறிவியல் பயிலும் மாணவனாகிய எனக்கு, அவர் என்னென்ன படைத்தார் என்ற பட்டியலைவிட, எப்படிக் கற்றார் என்ற வரலாறே பெரிதாகத் தோன்றுகிறது. அவருக்கு ஆசிரியர் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, பட்டமும் இல்லை. பழைய வண்டி ஒன்று இருந்தது. அதைப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். பிறகு நடந்தவையெல்லாம் அதிலிருந்து கிளைத்தவையே.

பள்ளியைத் துறந்த பிள்ளை

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், 1893 ஆம் ஆண்டு மார்ச் 23 ஆம் நாள், உழவர் குடும்பத்தில் துரைசாமி பிறந்தார். தந்தையின் பெயர் கோபால்சாமி. வீட்டில் பேசியது தெலுங்கு. ஊர் பேசியது தமிழ். தாயை இளமையிலேயே இழந்தார். பள்ளி அவருக்குக் கசந்தது. ஆசிரியர் மீது மணலை வாரி வீசிவிட்டு ஓடிய குறும்பை அவர் வரலாற்றை எழுதுவோர் எல்லோரும் குறிப்பிடுவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. தந்தையின் நிலத்தில் வேலை செய்தார்.

இதைப் படித்துவிட்டு, பள்ளிக்குப் போகாதவரே மேதையாவார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பள்ளியை விட்டோர் ஆயிரம் ஆயிரம் பேர், நாயுடு ஒருவரே. அவர் துறந்தது பள்ளியைத்தான், கல்வியை அன்று. படிப்பு நின்ற பின்னரும் கையில் கிடைத்த நூல்களைத் தாமே கற்றார். பள்ளியில் அவருக்குக் கிடைக்காத ஒன்று வெளியில் கிடைத்தது. அது, தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு வினா.

வினா இரண்டு சக்கரங்களில் வந்தது

அந்தக் காலத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் ஆங்கில மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். குதிரையும் மாடும் பூட்டாமல், புகையைக் கக்கிக்கொண்டு தானே ஓடிய அந்த வண்டி இளைஞரின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. பிறர் வேடிக்கை பார்த்தார்கள். இவரோ, இது எப்படி ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டார். வேடிக்கை மாலையில் மறந்துபோகும், வினா மறக்கவில்லை.

அந்த வண்டியை வாங்குவதற்காகவே அவர் கோவைக்குச் சென்று ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சில ஆண்டுகள் காசு காசாகச் சேர்த்தார். 300 ரூபாய் சேர்ந்ததும் ஒரு ரட்ஜ் வண்டியை வாங்கினார் என்பர். வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. வண்டியை முழுவதும் பிரித்துப் போட்டார். ஒவ்வோர் உறுப்பாகப் பார்த்தார். திரும்பப் பூட்டினார். இதைப் பலமுறை செய்தார்.

நண்பர்களே, இது எளிய செயல் என்று எண்ணிவிட வேண்டா. அக்காலத்து ரட்ஜ் வண்டியின் எஞ்சின் ஒற்றை உருளை உடையது. கொள்ளளவு ஏறக்குறைய 500 கன சென்டிமீட்டர். பொறியை உண்டாக்க மேக்னெட்டோ. பெட்ரோலைக் காற்றோடு கலக்கக் கார்புரேட்டர். மசகெண்ணெயை ஓட்டுபவரே கையால் அடித்து ஊட்ட ஒரு பம்பு. எஞ்சினின் ஆற்றலைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு செல்ல ஒரு பெல்ட். இவற்றில் எது பிழைத்தாலும் வண்டி நிற்கும். தமிழில் விளக்கநூல் இல்லை. உதிரி உறுப்பு கடல் கடந்து வரவேண்டும். ஒரு திருகாணி தொலைந்தால் அதைத் தாமே செய்துகொள்ள வேண்டும்.

அந்த நிலையில் பிரித்துப் பூட்டுவது என்பது உண்மையில் ஓர் ஆராய்ச்சி. எஞ்சின் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: சரியான கலவை, சரியான நேரத்தில் பொறி, போதிய அழுத்தம். ஓடவில்லையென்றால் மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்று அறிய, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் வண்டி ஒருவேளை ஓடிவிடும். ஆனால் ஏன் ஓடியது என்பது தெரியாமலே போய்விடும். முதுகலை வகுப்பில் செய்முறை ஆய்வின் முதற்பாடமாக நாங்கள் கேட்கும் நெறி இதுதான்.

ஹப்சிகுடாவில் ஒரு ஹெரால்டு

இந்த நெறியை நான் இன்றும் கண்ணால் காண்கிறேன். நான் உடுமலைப்பேட்டையிலிருந்து இங்கு வந்து, ஹப்சிகுடாவில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறவன். நம் பேட்டை அறிவியலுக்குப் பேர்பெற்றது. நில இயற்பியல் ஆய்வகம் இங்கேயே இருக்கிறது. வேதியியல் ஆய்வகமும், உயிரணு, மூலக்கூற்று உயிரியல் ஆய்வகமும் நடந்து போகும் தொலைவில் உள்ளன. ஆனால் நான் சொல்ல வருவது அவற்றைப் பற்றி அன்று. என் அறைக்குப் பின்தெருவில், தார்ப்பாயின் கீழ் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிற்கிறது. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஞாயிறுதோறும் அதைத் தாமே பழுது பார்க்கிறார். நானும் சில ஞாயிறுகளில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறேன்.

அந்தக் கார் 1960களில் சென்னையில் செய்யப்பட்டது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை ஒட்டி அமைந்தது. 1962 இல் இங்கிலாந்தில் வெளிவந்து புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுக் கார் இந்த ஹெரால்டின் உடன்பிறப்பு. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியும், அதே குடும்பத்து எஞ்சினை வைத்துமே அதைச் செய்தார்கள். ஹெரால்டின் முன்மூடி, சக்கரக் காப்புகளோடு சேர்ந்து முழுவதுமாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி நின்றுகொண்டே வேலை செய்யலாம். உடையவனே பிரித்துப் பார்க்கட்டும் என்று எண்ணிச் செய்ததுபோல் இருக்கும்.

அந்தப் பெரியவர் பொறி விழும் பாயிண்டின் இடைவெளியை அளந்து வைக்கும்போது நான் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். அது குறைந்தால் பாயிண்ட் கருகும். மிகுந்தால் பொறி தளரும். தகட்டுக் கோலை உள்ளே நுழைத்து, இழுக்கும்போது விரலில் படும் உராய்வைக் கொண்டே சரியா தவறா என்று சொல்லிவிடுகிறார். அந்த விரலறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் நாயுடு தேடிப் பெற்றதும் அந்த விரலறிவைத்தான்.

பொள்ளாச்சி முதல் பழனி வரை

நாயுடுவின் வாழ்க்கை நேராக ஏறிச் சென்ற படிக்கட்டு அன்று. முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சு வாணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய் வரை சென்று பெருவாணிகம் செய்ய முனைந்து, ஈட்டியதை இழந்தார். பிறகு கோவையின் தொழில் முன்னோடிகளுள் ஒருவரான ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் ஆதரவு கிடைத்தது. துரையின் கடனுதவியோடு 1920 இல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவு, அதைத் தாமே ஓட்டினார்.

அந்த வழியில்தான் எங்கள் ஊர் உடுமலைப்பேட்டை இருக்கிறது. பழனிக்குக் காவடி எடுத்துச் செல்வோர் நடந்தும் மாட்டு வண்டியிலும் சென்ற சாலை அது. அந்தச் சாலையில் ஒரு பஸ் ஓடத் தொடங்கியதன் பொருளை எங்கள் ஊரார் நன்கு உணர்வர். உழவன் தன் விளைபொருளை அன்றே சந்தைக்குக் கொண்டுபோய் அன்றே வீடு திரும்பலாம். நோயாளியை நகரத்து மருத்துவரிடம் சேர்க்கலாம். ஆனால் பஸ் நின்றுவிட்டால் அத்தனையும் நிற்கும். ஆகவே பழுது பார்ப்பதே அத்தொழிலின் உயிர். ஓட்டுநரும் முதலாளியும் மெக்கானிக்கும் ஒருவராகவே இருந்ததால் அந்த ஒற்றைப் பஸ் பிழைத்தது; பெருகியது. யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்துப் பெயரில், சில ஆண்டுகளிலேயே நாட்டின் சிறந்த போக்குவரத்து நிறுவனங்களுள் ஒன்றாக அது வளர்ந்தது.

மோட்டார் பிறந்த கதை

1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. ஆலைகள் பெருகின. கிணற்று நீரை மின்சாரத்தால் இறைக்கலாம் என்ற நம்பிக்கை உழவருக்குப் பிறந்தது. ஆனால் மின்மோட்டார் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. பீளமேட்டில் நாயுடு அமைத்த தொழிற்கூடத்தில், டி. பாலசுந்தரம் நாயுடுவின் துணையோடு, 1937 இல் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் உருவாயிற்று.

இந்த மோட்டாரின் வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அது ஒருவர் கையோடு நின்றுவிடவில்லை. பாலசுந்தரம் நாயுடு டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பட்டறையில் பயின்றவர் தனிப் பட்டறை வைத்தார். அவரிடம் பயின்றவர் இன்னொன்று வைத்தார். இன்று இந்தியாவின் எந்த மூலையில் கிணற்றில் பம்பு ஓடினாலும் அதில் கோவையின் பெயர் பொறித்திருக்க வாய்ப்பு மிகுதி. இங்கே, தெலுங்கு நாட்டுச் சமையலறையில் இட்லிக்கு மாவு அரைக்கும் கிரைண்டரும் கோவைப் பட்டறையிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

அதே காலத்தில் நாயுடு ஐரோப்பாவும் அமெரிக்காவும் சென்றார். 1936 இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கேமராவால் படம் பிடித்தார். உலர் மின்கலத்தால் ஓடும் சிறு மோட்டாரை வைத்து முகம் மழிக்கும் கருவி ஒன்றை அமைத்தார். ராசண்ட் என்பது அதன் பெயர். மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடிக்கு இடந்தராத வாக்குப்பதிவு எந்திரம் என்று அவர் படைப்புகள் நீண்டன. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941 இல் அறிவித்தார். இவற்றுள் பல, விலை மிகுந்த வெளிநாட்டுப் பொருளைப் பிரித்துப் பார்த்து, இதில் எது தேவை, எது வீண் என்று கேட்டதால் பிறந்தவை. மலிவு என்பது அவருக்கு மட்டமான பொருள் அன்று. வீண் நீங்கிய பொருள்.

ஓடாமல் போன கார்

1952 இல் அவர் இரண்டு பேர் அமரக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். நாட்டு மக்கள் வாங்கக்கூடிய விலையில், நாட்டிலேயே செய்த கார். ஆனால் அதைத் தொழிற்சாலையில் பெருக்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை. கார் நின்றது.

அந்தக் காலத்தை நாம் நடுநிலையோடு பார்க்க வேண்டும். 1951 இல் இயற்றிய தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இன்ன பொருளை இன்னார் இவ்வளவு செய்யலாம் என்று அரசு வரையறுத்தது. அந்நியச் செலாவணி அரிதாக இருந்த புதிய நாடு, எஃகையும் எந்திரத்தையும் எதற்குச் செலவிடுவது என்று கணக்குப் பார்த்ததில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டது. தோல்வியுற்றாலும் பயன் தரக்கூடிய முயற்சிக்கு அந்தக் கணக்கில் ஏடே இல்லை. அந்தச் சிறிய கார் சாலையில் ஓடியிருந்தால் பழுதுகள் தோன்றியிருக்கும், திருத்தங்கள் நிகழ்ந்திருக்கும், நூறு பட்டறைகள் கற்றிருக்கும். ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று நாடே பேசிய நானோ 2009 இல்தான் விற்பனைக்கு வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. ஆயினும் அந்த வினாவை அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு தமிழகப் பட்டறை எழுப்பிவிட்டது.

வரிச்சுமையாலும் அரசின் போக்காலும் மனம் வெதும்பிய நாயுடு, 1950களில் தாம் செய்த பொருள்களைத் தாமே மக்கள் முன்னிலையில் உடைத்துக் கண்டனம் தெரிவித்தார். இச்செயலை நான் போற்ற இயலாது. பிரிப்பது வேறு, உடைப்பது வேறு. பிரித்ததைப் பூட்டலாம்; உடைத்ததிலிருந்து எவரும் கற்க முடியாது. ஆனால் அந்தச் செயலுக்குப் பின்னால் இருந்த துயரத்தை உணர்கிறேன். தன் கையால் செய்ததைத் தானே உடைக்கும் மனிதன் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்!

மோட்டார் வாழ்ந்ததும், கார் மாண்டதும் ஏன்? உரிமம் ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. மோட்டாரின் அறிவு பலர் கையில் பரவியது. ஒருவரைத் தடுத்தாலும் மற்றவர் செய்திருப்பர். காரின் அறிவோ ஒருவர் கையிலேயே இருந்தது. ஒருவரைத் தடுத்தவுடன் அதுவும் நின்றது.

படிப்பைப் பற்றிய வழக்கு

அறிவைப் பரப்ப அவர் முயலவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1945 இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியபோது அதற்குப் பெருந்துணை நின்று, அதன் முதல்வராகவும் இருந்தார். மூன்றாம் வகுப்பு படித்தவர் கல்லூரி முதல்வரானார்! நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பு வீண், இரண்டு ஆண்டு போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதை ஏற்கவில்லை. அவர் விலகினார். அக்கல்லூரியே பின்னர் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று.

இந்த வழக்கில் நான் யார் பக்கம்? ஐந்து ஆண்டுகளாக இயற்பியல் படிக்கும் எனக்கு இது வெறும் வரலாற்று வினா அன்று. காந்தப்புலத்தின் சமன்பாடு தெரியாமல் நல்ல மோட்டாரை வடிவமைக்க முடியாது; அதற்கு ஆண்டுகள் வேண்டும். ஆனால் சமன்பாடு தெரிந்தும் ஒரு மோட்டாரைத் திறக்க அஞ்சுகிறவனுக்கு அந்த ஆண்டுகளால் என்ன பயன்? ஓர் ஆய்வுக்கூடத்தில் வெற்றிடப் பம்பு ஒன்று ஏழு வாரம் முடங்கிக் கிடந்ததை நான் அறிவேன். வெளியூரிலிருந்து பொறியாளர் வரவேண்டும், அதுவரை எவரும் தொடக் கூடாது என்பது விதி. அவர் வந்தார், தேய்ந்துபோன ரப்பர் வளையம் ஒன்றை மாற்றினார், அரைமணி நேரத்தில் போனார். அந்த ஏழு வாரத்தில் இரண்டு மாணவரின் ஆய்வு தேங்கியது. முதுகலைப் பட்டம் பெற்றோர் பன்னிருவர் அந்த அறையில் இருந்தனர்.

நாயுடு சொன்ன ஆண்டுக் கணக்கு தவறாக இருக்கலாம். ஆனால் அவர் காட்டிய குறை நம்முடையது. இன்று வரும் பொருள்களோ திறக்க முடியாதபடி ஒட்டி மூடப்பட்டு வருகின்றன. பழுதானால் எறி, புதிது வாங்கு என்பதே சந்தையின் வேதம். பழுது பார்க்கும் உரிமை வேண்டும் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்று சட்டம் கேட்கிறார்கள். சில இடங்களில் பெற்றும்விட்டார்கள். அந்த உரிமையை எவரையும் கேளாமல் எடுத்துக்கொண்டவர் நாயுடு.

எஞ்சி நிற்பவை

1974 ஜனவரி 4 ஆம் நாள் அவர் மறைந்தார். 1967 இல் அவர் கோவையில் நிறுவிய தொழிற்காட்சி அவருக்குப் பின்னும் மாணவரை ஈர்த்தது. அவர் பெயரால் இயங்கும் அறநிலையத்தார் 2015 இல் அவிநாசிச் சாலையில் பழைய கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தனர். அதே சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பெற்ற 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அரசு அவர் பெயரைச் சூட்டியது. உரிமம் தராத கைகளே இப்போது பாலத்துக்குப் பெயர் தருகின்றன என்று கசப்போடு சொல்வாரும் உண்டு. காலம் தன் பழுதைத் தானே பார்த்துக்கொள்கிறது என்று நான் சொல்வேன்.

தமிழ்நாட்டைவிட்டு வந்து தெலுங்கு நாட்டில் படிக்கிறோம் நாம். வீட்டில் தெலுங்கு பேசிய ஒருவர் தமிழ்நாட்டின் பெருமையாக உயர்ந்தார் என்பதை நாம் நினைவில் கொள்ளலாம். எந்த மொழியில் பேசினார் என்று மோட்டார் கேட்கவில்லை. எங்கிருந்து வந்தார் என்று பஸ் கேட்கவில்லை. வேலை தெரிந்த கைக்கு எந்த ஊரும் சொந்த ஊரே.

தோழர்களே, பட்டம் பெறுவோம். அதில் குறைவு வேண்டா. அதோடு, விடுதியில் ஓடாமல் கிடக்கும் மின்விசிறியை, இந்த மாதமே, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திறந்து பார்ப்போம். அருகில் ஒரு தம்பியையும் தங்கையையும் அழைத்து உட்கார வைத்துக்கொள்வோம். கற்றதை ஒருவர் கையோடு நிறுத்தாமல் இருப்பதே நாயுடுவுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை.